வேலியோரம் வைத்த சோறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருடங்கள் ஓடிவிட்டன. காலையில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருவேன். இரண்டு வரி வரும். குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போய்விடுவேன். விசில் அடிக்காத நாளிலும் எழுந்து போயிருக்கிறேன். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள், அதுவும் கணக்கில் தடுமாறித் தேறியவள், எனக்கு எதற்கு எழுத்து என்று சொல்லிக்கொள்வேன். அது சாக்கு. படிக்கப்போகிறவர்களின் முகங்களை நினைத்தால் வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

பறவைக் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். ரிச்சர்ட்சனில் காலேஜ் படித்துக்கொண்டே வருகிறவர்கள் இருக்கிறீர்கள். வாரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு சனி ஞாயிறு மட்டும் கூண்டு கழுவ வருகிறவர்களும் இருக்கிறீர்கள். எடை பார்ப்பது, மருந்து கொடுப்பது, இறக்கையை விரித்துப் பார்ப்பது எல்லாம் அங்கேயே சொல்லித் தருவார்கள். அதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பகலில் நடந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவரின் வேலைக்காக விழுப்புரத்திலிருந்து டெக்சஸில் இருக்கிற இந்த ஃபிரிஸ்கோவுக்கு வந்தவள் நான். டிபென்டென்ட் விசாவில் வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வேலை செய்ய அனுமதி வந்தபோது பெண் மிடில் ஸ்கூல் போய்க்கொண்டிருந்தாள். கோவிலில் பழக்கமான ஒரு அம்மா, "பறவைங்களுக்குப் பழம் நறுக்க ஆள் வேணுமாம், போறியா? நல்லா காய் நறுக்குவியே" என்றார். போனேன். பழம் நறுக்கப் போனவளிடம் போகப் போகத் தனிக்கொட்டகையை ஒப்படைத்தார்கள். காட்டுக்குத் திருப்பி அனுப்பப்போகிற பறவைகளை மற்றவற்றோடு கலக்காமல் வைத்திருக்கிற இடம் அது.

அந்த வருடம் அங்கே ஆறு காக்கட்டூக்கள் இருந்தன. வெள்ளை உடம்பு, மஞ்சள் கொண்டை. கோபமோ பயமோ வந்தால் கொண்டை விசிறி மாதிரி விரியும். இந்தோனேசியாவின் தீவுக் காடுகளில் வாழ்கிற கிளி இனம். அங்கேயே இப்போது கொஞ்சம்தான் மிச்சம். இவற்றைத் திருட்டுத்தனமாகப் பிடித்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் திணித்துக் கொண்டுவந்தவர்கள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஐந்து பறவைகள் இறகு சரியாக முளைக்காத குஞ்சுகளாக எங்களிடம் வந்தன. ஆறாவது வளர்ந்த பெண் பறவை. கிளையில் பசை தடவிப் பிடித்திருக்கிறார்கள். பறக்கக் கூடாதென்று இறகுகளைப் பாதிக்கு வெட்டியும் விட்டிருந்தார்கள்.

திரும்பிப் போகப்போகும் பறவைகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். கால் வளையத்தின் நிறம்தான் அடையாளம். அந்தப் பெண் பறவைக்குப் பச்சை வளையம். கொட்டகைக்குள் யாரும் பேசக் கூடாது. சாம்பல் நிறக் கோட்டும் தலைமூடியும் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை இலைக்கு நடுவில் ஒளித்துவைத்துவிட்டு வர வேண்டும். மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று அவை படித்துவிட்டால், காட்டில் முதலில் வருகிற வேடனிடமே பறந்து போகும். நம்மைக் கண்டு கொண்டையை விரித்துக் கத்தினால் நாம் சந்தோஷப்பட வேண்டும். வீட்டில் பெண்ணிடம் வாங்குகிற கத்தல் போதாதென்று இங்கே வந்து கத்தல் வாங்குகிறேன் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும்வரை பச்சை வளையத்தால் பறக்க முடியவில்லை. ஆனால் மேலே பார்க்கத் தெரியும். டெக்சஸ் வானத்தில் பருந்துக்குப் பஞ்சமில்லை. வலைக் கூரைக்கு மேல் பருந்தின் நிழல் நகர்ந்தால் போதும், பச்சை வளையம் ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்திவிட்டு இலைக்குள் பாயும். குஞ்சுகள் முதலில் விழித்துக்கொண்டு நிற்கும். பிறகு அவையும் கூடவே பாய ஆரம்பித்தன. இதை எங்கள் யாராலும் சொல்லித்தர முடியாது. பருந்து என்றால் என்னவென்று அந்த ஆறில் அதற்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் தீவிலிருந்து சம்மதம் வந்தது. மழைக்காலம் முடிந்து காட்டில் பழம் நிறைய இருக்கும்போது வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். நஸ்ரின் கூடவே போவதாக ஏற்பாடு. இன்று உங்களுக்குப் பொறுப்பாக இருக்கிற அதே நஸ்ரின்தான். அப்போது சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கீழக்கரைப் பெண், வாய் மட்டும் சென்னை.

ஒரே ஒரு கவலை இருந்தது. பறவைக் காய்ச்சல் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த சமயம். கடையில் முட்டை அலமாரி காலியாகக் கிடந்தது நினைவிருக்கும். அதனால் தனிக்கொட்டகைக்குள் போகுமுன் செருப்பு மாற்ற வேண்டும், மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலை நனைக்க வேண்டும், வெளிப் பறவைகள் கிட்டே வர எந்தக் காரணமும் வைக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்கிற வேலை என்னுடையது.

இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

எங்கப்பா செத்தபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு பாதியில் நின்ற நேரம், நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்றார் வக்கீல். தம்பி கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்தேன். பதினாறாம் நாள் சோறு வைத்ததும் காக்கை வந்து எடுத்ததாகத் தம்பி சொன்னான். எனக்கு மனசு ஆறவில்லை. நான் வைத்து அவர் எடுக்க வேண்டும் என்று ஒரு தவிப்பு. அமாவாசைதோறும் ஃபிரிஸ்கோ வீட்டுப் பின்புறத்தில் இலை போட்டுச் சோறு வைத்து, கா, கா என்று கூப்பிடுவேன். வருவது கிராக்கிள். மளிகைக் கடை பார்க்கிங்கில் கூட்டம் கூட்டமாக இரைச்சல் போடுமே, கழுத்தில் நீலம் மின்னும் அந்தக் கறுப்புப் பறவைதான்.

"அம்மா, தட்ஸ் நாட் ஈவன் எ க்ரோ" என்பாள் பெண், ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு.

"காக்கா வராத ஊர்ல காக்காவுக்குச் சோறு வெக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்பார் கணவர்.

எலி வருகிறது என்று பக்கத்து வீட்டில் புகார் சொல்ல, குடியிருப்புச் சங்கத்து ஆள் ஒருவர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அதோடு வீட்டில் நின்றுபோனது.

ஒரு அமாவாசை மதியம் காப்பகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, தனிக்கொட்டகைக்குப் பின்னால் காக்கை கத்தியது. நிஜக் காக்கை. நம்மூர்க் காக்கை மாதிரி கழுத்தில் சாம்பல் நிறம் இல்லை, முழுக் கறுப்பு. ஆனால் அதே குரல், அதே தலைச் சாய்ப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் போகிற கால்வாயின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தது. கம்பிக்கு நடுவே கையை விட்டு ஒரு பிடி தயிர்சாதம் வைத்தேன். இறங்கி வந்து எடுத்தது. நான் அங்கேயே நின்று அழுதேன். அப்பா இத்தனை தூரம் வந்து சாப்பிட்டார் என்று நம்பினேன். இன்றைக்கும் அதை மட்டும் நம்பாமல் இருக்க முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளும் வைத்தேன். பிறகு தினமும்.

விதி தெரியாதா என்று கேட்டால், தெரியும். சொல்லிக்கொடுக்கிறவளே நான்தானே. வேலிக்கு அந்தப் பக்கம்தானே வைக்கிறேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்ததும் செருப்பு மாற்றினேன், தட்டில் காலை நனைத்தேன், கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன் என்பதாலேயே இதுவும் ஒழுங்கு என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் காக்கை வருவது குறைந்துபோய் கிராக்கிள்கள் வர ஆரம்பித்தன. ஒன்று இரண்டாகி, கூட்டமாகி, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்து வலைக் கூரையில் வரிசையாகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தன. கீழே காக்கட்டூக்கள். கூரையில் விழுந்த எச்சத்தை யாரும் பார்ப்பதற்கு முன் ஏணி போட்டு நானே தேய்த்துக் கழுவினேன். இந்த வயதில் என்ன சுறுசுறுப்பு என்று எல்லாரும் மெச்சினார்கள். மெச்சியதை வாங்கிக்கொண்டேன்.

நஸ்ரின் ஒரு நாள் பிடித்துவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி, டெய்லி லஞ்ச் பாக்ஸத் தூக்கிக்கிட்டு வேலிப் பக்கம் போறீங்க? அங்க யாருக்கு விருந்து? எனக்கு ஒரு நாள்கூட அந்த தயிர்சாதம் கெடைக்கல."

"எங்கப்பாவுக்கு" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "சாரி ஆன்ட்டி. தெரியாம கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான் வேலிப் பக்கம் போனால் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். என்ன மரியாதையான பெண் என்று நினைத்தேன். அவள் வாயை எதை வைத்து மூடினேன் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

பறவைகள் கிளம்புகிற நாள் வந்தது. காலையில் கோவிலுக்குப் போய் ஆறின் பேரிலும் அர்ச்சனை செய்தேன். பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். பச்சை, சிவப்பு, நீலம் என்று வளையத்தின் நிறங்களைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே சொல்லி முடித்தார். காப்பகத்தில் பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பயணப் பெட்டியில் விட்டோம். பச்சை வளையம் கடைசி. முழு இறக்கையும் முளைத்து நல்ல பலத்தோடு இருந்தது, என் கையுறையைக் கடித்துக் கிழித்தது. விமான நிலையத்துக்குப் போகும் வேன் வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. காத்திருக்கிற நேரத்தில் நான் பழக்கப்படி சோற்றை வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கும்.

கொஞ்ச நேரத்தில் நஸ்ரின் வந்தாள். "ஆன்ட்டி, ஒரு நிமிஷம் பின்னாடி வாங்க." குரலே சரியில்லை.

சிமெண்டுத் திட்டில் ஒரு கிராக்கிள் கிடந்தது. சாகவில்லை. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் என் சோறு.

"வேன் கேட் கிட்ட வந்துருச்சு ஆன்ட்டி" என்றாள்.

"தெரியுது."

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"போய்ச் சொல்லு."

"எத ஆன்ட்டி சொல்ல? பறவைய மட்டுமா?"

நான் குனிந்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு, சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் ஒரு உயிர் சுற்றிச் சுற்றி விழுகிறது, அதைப் பார்க்கவில்லை. பருக்கை பருக்கையாகச் சோற்றை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஐயோ ஆன்ட்டி, கிளவுஸ் போடாம தொடாதீங்க! உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போவுது!" என்று அவள் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். என் உயிருக்குப் பயந்தாள். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை நிமிர மாட்டேன் என்கிறது.

அதற்குள் டாக்டரே வந்துவிட்டார். எங்கள் பறவை மருத்துவர், அமெரிக்க அம்மாள். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கையுறை போட்டு கிராக்கிளை எடுத்து ஒரு பெட்டியில் வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இவை இங்கே அடிக்கடி வருமா? எதையாவது தேடி வருகின்றனவா?"

அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வழியில் போன பறவை ஒன்று தற்செயலாக விழுந்தது என்றால் வேன் போகலாம். கூட்டமாகத் தினமும் வந்து கூரையில் உட்காருகிற பறவை என்றால் போகக் கூடாது.

"தெரியவில்லை" என்றேன். சோறு என் மூடிய கைக்குள் இருந்தது.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். பெட்டிகளை வேனில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

நான் கொட்டகை வாசலுக்கு வந்தேன். பழக்க தோஷம், மருந்துத் தட்டில் வலது காலை வைத்தேன், இடது காலை வைத்தேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. காலை மட்டும் சுத்தமாகக் கழுவிக்கொண்டு உள்ளே போகிறாயே, நீ யாரை ஏமாற்றுகிறாய் என்று தோன்றியது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் ஒருவர் உண்டு, அவர் ரிடையராகி அப்போதே பல காலம் ஆகியிருந்தது. நாம் அனுப்புவது ஆறு பறவைகள்தான், ஆனால் காட்டில் மிச்சம் இருக்கிற எல்லாவற்றுக்கும் நடுவில் கொண்டுபோய் விடுகிறோம் என்பார். அதை நானே அந்த வாரம் புது ஆட்களுக்குச் சொல்லியிருந்தேன், என் சொந்த வார்த்தை மாதிரி.

வேனுக்கு ஓடினேன். கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் முன்னால் போய்க் கையைத் திறந்து காட்டினேன். "நான் வைத்தது. தினமும் வைக்கிறேன். கூட்டமாக வரும். கூரையில் உட்காரும். நான்தான் கழுவுவேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டிரைவரைப் பார்த்து, இன்ஜினை நிறுத்துங்கள் என்றார். குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் தெரியும்" என்றாள் நஸ்ரின், யாரும் கேட்காமலே.

ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் அவளிடம் கேட்டார். "அது அவங்க செத்துப்போன அப்பாவுக்கு வைக்கிற சாப்பாடு, டாக்டர். அதைப் போய் எப்படி நான் கேள்வி கேக்கறது?" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பெட்டிகளை இறக்கினோம். பறவைகளைத் திரும்பக் கூண்டில் விட்டபோது, பச்சை வளையம் பறக்கவில்லை. தரையிலேயே நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கிராக்கிள் அன்றே செத்தது. அதன் சோதனை முடிவு வந்தது: பறவைக் காய்ச்சல் இல்லை, கொசுவால் வருகிற வேறு காய்ச்சல். எங்கள் ஆறுக்கும் சோதனை செய்தார்கள், எதிலும் ஒன்றுமில்லை. ஆனால் தீவில் கொடுத்த அனுமதி அதற்குள் காலாவதி ஆகிவிட்டது, பழக்காலமும் தாண்டிவிட்டது. அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். நஸ்ரினுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். என்னைத் தனிக்கொட்டகையிலிருந்து எடுத்து மறுபடி பழம் நறுக்கவிட்டார்கள். வேலையை விட்டே அனுப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒருவரும் திட்டவில்லை. டாக்டர் எப்போதும் போல, காலை வணக்கம் சொன்னார்.

என்னைக் காப்பகத்துக்கு அனுப்பிய அந்தக் கோவில் சிநேகிதி கேட்டார்: "அந்தக் காய்ச்சலே இல்லன்னு ஆயிடுச்சுல்ல? அப்ப நீ வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாமேடி."

வீட்டில் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் சாதாரணமாக எதையும் கேலி செய்கிறவர். அன்று செய்யவில்லை. "உங்கப்பா வந்து கேட்டாரா உன்கிட்ட, அங்க போய் வைன்னு?" என்றார். அவ்வளவுதான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

குளிர்காலத்தில் பச்சை வளையம் செத்துப்போனது. காலையில் கிளைக்கு அடியில் கிடந்ததாக நஸ்ரின் சமையலறைக்கு வந்து சொன்னாள். டாக்டர் அறுத்துப் பார்த்தார். நுரையீரலில் பூஞ்சை. காட்டுப் பறவை பயந்து நொந்து கிடந்தால் பிடித்துக்கொள்கிற நோய். அன்றைக்குப் பிடித்து அடைத்துத் திரும்பத் திறந்துவிட்டதாலா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க, பப்பாளி நறுக்கிக்கொண்டே, நான் சிநேகிதி சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் பச்சை வளையம் அதன் காட்டில் இருந்திருக்கும். சாமி முன்னால் கைகூப்பி நிற்கும்போதுகூட, ஏன் என்னை வாயைத் திறக்க வைத்தாய் என்று கேட்டிருக்கிறேன். ஏன் என்னைச் சோறு வைக்கவிட்டாய் என்று கேட்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. சோற்றைவிட, அந்த ‘தெரியவில்லை’யைவிட, இதைத்தான் உங்களிடம் சொல்லக் கூசுகிறது. செய்த தப்பை விட்டுவிட்டு, சொன்ன உண்மையின் மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவத்தில் ஐந்து பறவைகள் போயின. நஸ்ரின் கூடப் போனாள். அங்கே காட்டுக்குள்ளேயே கட்டிய பெரிய கூண்டில் கொஞ்ச காலம் வைத்திருந்து, ஒரு காலையில் கதவைத் திறந்துவிட்டார்களாம். ஐந்தும் மரத்துக்கு மேல் போய்விட்டன, மனிதர் கிட்டே வரவில்லை. நல்ல செய்தி. பிறகு இன்னொரு செய்தி வந்தது: நீல வளையத்தைப் பருந்து கொண்டுபோய்விட்டது. மற்ற நான்கும் பாய்ந்து ஒளிந்தனவாம், அது மட்டும் கொம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததாம்.

"முன்னாடி நின்னு கத்த ஆள் இல்ல ஆன்ட்டி" என்றாள் நஸ்ரின் போனில். என்னைக் குத்திச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள்.

பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் ஏதோ ஒரு நம்பிக்கையோடு வருகிறவர்கள். ஒருத்தர் தொழுகைக்கு ஒதுங்குவீர்கள், ஒருத்தர் விரதம் இருப்பீர்கள், ஒருத்தர் கழுத்தில் சிலுவை. நம்பிக்கையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. என்னாலும் முடியாது. ஆனால் உங்கள் பக்கத்தில் வேலை செய்கிறவர், உங்கள் சாமி விஷயம் என்பதற்காக ஒரு கேள்வியை விழுங்கினால், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நீங்களே கூப்பிட்டு, கேள், பரவாயில்லை, என்று சொல்ல வேண்டும். "எங்கப்பாவுக்கு" என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் யாரும் கேட்க முடியாதபடி அதைச் சொன்னேன். கேட்கத் தயங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மரியாதையாகவே கேட்கலாம். நஸ்ரின் அன்றைக்கு இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

இப்போது அமாவாசைக்குச் சோற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நாங்களே சாப்பிடுகிறோம். மனசுக்குப் போதவில்லை. போதாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் வேலையிலிருந்து விடைபெற்ற அன்று உங்களில் ஒருவர் எழுந்து இந்தக் கதையைச் சொன்னீர்கள். யாரிடமோ கேட்டது. ஆன்ட்டி தெரியாமல் ஏதோ காக்கைக்குச் சோறு வைத்துவிட்டார்கள், தெரிந்ததும் ஓடிவந்து வேனையே நிறுத்தினார்கள், எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று. எல்லாரும் கைதட்டினீர்கள். நஸ்ரின் தட்டவில்லை, கேக் வெட்டுகிற கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கேக்கை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் இந்தக் காகிதத்தை எடுத்தேன், இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

நாளைக்கு உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் இதைச் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஆன்ட்டி பாவம் என்று எதையும் கழிக்க வேண்டாம், நல்லதாக எதையும் கூட்டவும் வேண்டாம். தெரிந்துதான் வைத்தாள் என்று சொல்லுங்கள். கேட்டபோது தெரியவில்லை என்றாள் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன பிறகு அதற்காகவே வருந்தினாள் என்பதையும் விடாதீர்கள். வேனை நிறுத்தினாள் என்று என்னைப் பற்றிச் சொல்லாதீர்கள். அந்த வேன் ஆறு பறவைகளை வீட்டுக்குக் கொண்டுபோக வந்தது. அது நின்றது என் சோற்றால்.